பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கியர் ஆயில்: விட்டுவிடுவதா, வடித்து ஊற்றுவதா, சம்ப்பைக் கழற்றுவதா, ஃப்ளஷ் செய்வதா?

கார் நன்றாகத்தான் ஓடுகிறது. ஒரு மெக்கானிக் கியர் ஆயிலை உடனே மாற்றச் சொல்கிறார். இன்னொருவர், "ஓடுற பாக்ஸ்ல கை வைக்காதீங்க, புது ஆயில் ஊத்தினா வழுக்க ஆரம்பிச்சிடும்" என்கிறார். இருவருமே பல வருடமாக இதே வேலை பார்ப்பவர்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பிஎம்டபிள்யூ இஸட்4 வைத்திருக்கும் மூன்று பேர் இதையே வெவ்வேறு விதமாக என்னிடம் கேட்டார்கள். மூன்றும் 2006-க்கும் 2008-க்கும் இடையில் வந்த ஆட்டோமேட்டிக் வண்டிகள். என்னுடையதும் அதே வகைதான்: 2006 மாடல், 3 லிட்டர், ஆறு சிலிண்டர், மேற்கூரையை மடக்கும் ரோட்ஸ்டர். இதே கேள்வியோடு ஒரு வருடம் தவித்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு முறை தப்பாகவும் ஒரு முறை சரியாகவும் செய்தேன். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தக் கார்களை அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஸ்பார்ட்டன்பர்க் ஆலையில் கட்டினார்கள். ஆனால் உள்ளே இருக்கும் கியர்பாக்ஸ் ஜெர்மனியின் இஸட்எஃப் நிறுவனம் செய்தது. அதன் பெயர் 6எச்பி19. இந்த 6எச்பி குடும்பம் 2001-இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் முதலில் வந்தது. ஜாகுவார் எக்ஸ்கே, ஆஸ்டன் மார்ட்டின் டிபி9 போன்ற வண்டிகளிலும் இதன் பெரிய அண்ணன் 6எச்பி26 இருக்கிறது. செங்கல்பட்டு பக்கம் 2007-இல் தொடங்கிய பிஎம்டபிள்யூ ஆலையிலிருந்து வந்த அந்தக் கால 3, 5 சீரிஸ் கார்கள் சிலவற்றிலும் இதே குடும்பம்தான். ஆகவே ஸ்போர்ட்ஸ் கார் இல்லாதவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அந்தக் காலத்தில் பிஎம்டபிள்யூ சில வண்டிகளுக்கு ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கியர்பாக்ஸும் போட்டது. அதற்கு ஆயிலே வேறு. கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் தகட்டைப் படித்து உறுதி செய்த பிறகுதான் எதையும் வாங்க வேண்டும்.

## 'வாழ்நாள் ஆயில்' என்றால் யாருடைய வாழ்நாள்?

பிஎம்டபிள்யூ இந்த ஆயிலை வாழ்நாள் முழுமைக்குமானது என்று சொல்லித்தான் காரை விற்றது. சர்வீஸ் அட்டவணையில் கியர் ஆயில் என்ற வரியே கிடையாது. கியர்பாக்ஸைச் செய்த இஸட்எஃப் சொல்வது வேறு: ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்துக்குள் மாற்ற வேண்டும். காரை விற்றவரும் கியர்பாக்ஸைச் செய்தவரும் ஆளுக்கொன்று சொன்னால், நான் செய்தவர் பக்கம்தான் நிற்பேன்.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது அந்த 8 வருடக் கணக்கை. ஸ்போர்ட்ஸ் கார் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வண்டி. பதினெட்டு வயது ஆகியும் 70,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். "இன்னும் 80,000 ஆகலையே" என்று அதன் சொந்தக்காரர் நிம்மதியாக இருப்பார். ஆனால் ரப்பர் சீலும் ஓ-ரிங்கும் கிலோமீட்டர் கணக்கில் கெட்டிப்படுவதில்லை; வருடக் கணக்கிலும் சூட்டிலும் கெட்டிப்படுகின்றன.

இந்த ஆயிலுக்குப் பல வேலைகள். பற்சக்கரங்களை உராயாமல் காக்கிறது, சூட்டைக் கடத்துகிறது. கியரை மாற்றும் கிளட்ச்களை அழுத்திப் பிடிப்பதும் இதே ஆயிலின் அழுத்தம்தான். அந்தக் கிளட்ச் எவ்வளவு மென்மையாகப் பிடிக்கிறது என்பதையும் ஆயிலில் கலந்துள்ள சேர்மானங்களே முடிவு செய்கின்றன. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயிலின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பழைய கைக்கணக்கு. மலைப்பாதையில் விரட்டி ஓட்டும் வண்டியில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

எனக்கு முக்கியமானவை ஐந்து. பழைய ஆயில் எவ்வளவு வெளியே போகிறது? ஃபில்டரும் வயதான சீல்களும் மாறுகின்றனவா? கியர்பாக்ஸின் உள்நிலையைக் கண்ணால் பார்க்க வாய்ப்பு கிடைக்கிறதா? வேலை சரியாக நடக்காவிட்டால் எவ்வளவு சேதம்? பில்லில் முதலில் தெரியாத செலவு என்ன?

ஆயில் விலையும் கூலியும் ஊருக்கு ஊர் மாறுவதால் பணத்தை லிட்டர் கணக்கில் சொல்கிறேன். இந்தப் பெட்டிக்குள் மொத்தம் ஏறக்குறைய 9 லிட்டர் ஆயில் இருக்கும். அதில் கணிசமான பங்கு, இன்ஜினின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டருக்குள் தங்கிவிடும். வடிக்கும் போல்ட்டைத் திறந்தால் அது வராது.

## அதற்கு முன்னால், கியர்பாக்ஸ் எப்படி இருக்கிறது?

இதைப் பார்க்காமல் எந்த வழியையும் தேர்ந்தெடுக்க முடியாது. அரை நாள் ஒதுக்கினால் போதும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் ரிவர்ஸ் போடுங்கள். வண்டி பிடிக்க ஒரு நொடிக்கு மேல் தயங்கினால் உள்ளே எங்கோ அழுத்தம் கசிகிறது என்று பொருள். சூடான பிறகு சிக்னலுக்கு மெதுவாக வந்து நில்லுங்கள். மூன்றிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும்போது பின்னாலிருந்து யாரோ தள்ளியது போல ஒரு இடி வருகிறதா? பிறகு 60–80 கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மட்டும் மிதித்து ஓட்டுங்கள். கரடுமுரடான பட்டை மீது ஏறியது போல நடுக்கம் வந்தால் அதற்குக் காரணம் டார்க் கன்வர்ட்டரின் பூட்டுக் கிளட்ச், அதாவது இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டும் கிளட்ச். கடைசியாக, ஏறும் கியரில் இன்ஜின் சுற்று சட்டென்று மேலே துள்ளி அப்புறம் இறங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. ஸ்கேனர் போட்டு கியர்பாக்ஸின் பிழைக் குறியீடுகளையும் படிக்கச் சொல்லுங்கள்.

எதுவும் இல்லையென்றால் உங்களுடையது ஆரோக்கியமான பாக்ஸ். லேசான இடி, எப்போதாவது நடுக்கம், சம்ப்பில் (கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டில்) ஈரம் என்றால் நடுத்தரம். தெளிவாக வழுக்குகிறதென்றால் இந்தக் கட்டுரையின் கேள்வியே உங்களுக்கு இப்போது பொருந்தாது. முன்னெச்சரிக்கைக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

## வழி 1: தொடாமல் விடுவது

இன்றைக்குச் செலவு ஒன்றுமில்லை. அதனால்தான் பலரும் இதில் நிற்கிறார்கள்.

இதில் மறைந்திருக்கும் செலவு கசிவு. இந்தக் கியர்பாக்ஸுக்கு ஆயில் அளவு பார்க்கும் குச்சி கிடையாது. சொட்டுச் சொட்டாக ஒரு லிட்டர் குறைந்தாலும் உங்களுக்குத் தெரியாது. தெரியும்போது கிளட்ச் ஏற்கெனவே சூடேறிக் கருகியிருக்கும். ஆகவே தொடாமல் விடுவதாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை லிஃப்ட்டில் ஏற்றி, சம்ப்பைச் சுற்றிலும் வயர் சாக்கெட் நுழையும் இடத்திலும் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

இது சரியான முடிவாகும் சந்தர்ப்பங்கள் உண்டு. சில வருடங்களுக்குள் ஃபில்டரோடு மாற்றியதற்குப் பில் இருந்தால் தொட வேண்டாம். சில மாதங்களில் விற்கப் போகிறீர்கள் என்றாலும் விட்டுவிடலாம், வாங்குபவரிடம் மாற்றவில்லை என்று சொல்லிவிட வேண்டும். தெளிவாக வழுக்கும் பாக்ஸ் என்றால் ஆயிலுக்குப் போடும் பணத்தை ரீகண்டிஷன் செலவுக்குச் சேர்த்து வைப்பது நல்லது. இவை தவிர்த்த சூழலில், நான்கைந்து வருடம் வைத்திருக்கும் எண்ணத்தோடு இந்த வழியில் போவதை நான் ஏற்கவில்லை.

## வழி 2: வடித்து நிரப்புவது

அடியில் இருக்கும் போல்ட்டைத் திறந்து வருவதை வடித்து, அதே அளவு புதியதை ஊற்றுவது. ஏறக்குறைய 5 லிட்டர் வரும். கணக்குப் போட்டால் 9-இல் 5 போய், பழையது 44 சதவீதம் உள்ளேயே இருக்கும். சில வாரம் ஓட்டிவிட்டு இன்னொரு முறை செய்தால் பழையது 20 சதவீதமாகக் குறையும். மூன்றாவது முறையில் 9 சதவீதம். ஆனால் அதற்குள் 15 லிட்டர் ஆயில் வாங்கியிருப்பீர்கள், ஃபில்டரோ இன்னும் பழையதுதான்.

நான் தப்பாகச் செய்தது இந்த வழியைத்தான். வழியில் குறையில்லை, செய்த விதத்தில் குறை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப். வடித்த ஆயிலை அளந்தார்கள், அதே அளவைத் திருப்பி ஊற்றினார்கள், ஆயில் சூட்டை யாரும் பார்க்கவில்லை. ஏற்கெனவே கசிந்து குறைந்திருந்தது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பத்து நாள் கழித்து, நெடுஞ்சாலையில் ஏறும் வளைவில் வண்டி ஒரு கணம் நியூட்ரல் போட்டது போல விட்டுப் பிடித்தது. பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது. அந்தக் கணத்தை இப்போது நினைத்தாலும் கை சில்லிடுகிறது. இன்னோர் இடத்தில் அளந்து பார்த்தபோது முக்கால் லிட்டருக்கு மேல் குறைவு.

இந்தப் பெட்டியில் அளவு பார்க்க ஒரே முறைதான். வண்டி தரைமட்டமாக நிற்க வேண்டும், இன்ஜின் ஓட வேண்டும். ஒவ்வொரு கியரிலும் சில நொடி வைத்து எடுக்க வேண்டும். ஆயில் சூடு 30-லிருந்து 50 டிகிரிக்குள் இருக்கும்போது, நிரப்பும் துவாரத்திலிருந்து மெல்லிய நூலாக ஆயில் வழிந்தால் அளவு சரி. சூட்டைப் படிக்க ஸ்கேனர் இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது.

வீட்டில் நீங்களே செய்வதாக இருந்தால், வடிக்கும் போல்ட்டுக்கு முன்னால் நிரப்பும் போல்ட்டைத் திறந்து பாருங்கள். அது துருவேறித் திறக்க மறுத்தால், ஆயில் இல்லாத கியர்பாக்ஸோடு வண்டி அங்கேயே நிற்கும்.

ஆயிலில் மிச்சம் பிடிக்க ஆசை வரும். எல்லா வண்டிக்கும் ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருப்பது மலிவாகக் கிடைக்கும். இந்த வகைக்கு இஸட்எஃப் தருவது லைஃப்கார்ட் 6. கிளட்ச் உராய்வு அதற்கேற்பவே அமைந்திருப்பதால், மலிவு ஆயிலில் மிச்சமாகும் பணம் பூட்டுக் கிளட்ச்சின் நடுக்கமாகத் திரும்பி வரலாம்.

ஏற்கெனவே சம்ப் புதிதாக மாற்றப்பட்டு, கசிவு இல்லாமல், மூன்று நான்கு வருடம் கடந்த வண்டிக்கு இந்த வழி நன்றாகப் பொருந்தும். முதல் முறையாக மாற்றும் பழைய வண்டிக்கு இது அரைகுறை வேலை.

## வழி 3: சம்ப்பையும் சீல்களையும் சேர்த்து மாற்றுவது

என் பரிந்துரை இதுதான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

6எச்பி19-இன் சம்ப் பிளாஸ்டிக். ஃபில்டர் அதற்குள்ளேயே அமைந்திருப்பதால் தனியாக மாற்ற முடியாது, சம்ப்போடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும். "ஃபில்டருக்கு இவ்வளவா?" என்று விலை கேட்டதும் தோன்றும். ஆனால் பல வருடம் சூட்டில் இருந்த பிளாஸ்டிக் வளைந்துபோய் விளிம்பில் கசிவதும் வழக்கம். புதியது போட்டால் அதுவும் தீர்ந்துவிடுகிறது. இஸட்எஃப்பே சம்ப், போல்ட்டுகள், 7 லிட்டர் ஆயில் எல்லாம் சேர்த்து ஒரு கிட்டாக விற்கிறது.

சம்ப் இறங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது அதில் இருக்கும் காந்தங்களை. விபூதியைக் குழைத்தது போல மிருதுவான சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம். அது இயல்பான தேய்மானம். விரலில் உறுத்தும் துகளோ செதிலோ இருந்தால் உள்ளே ஏதோ ஒரு பாகம் உடையத் தொடங்கியிருக்கிறது. ஆயிலில் தீய்ந்த வாசனை வருகிறதா என்றும் முகர்ந்து பாருங்கள். இந்தத் தகவல் வேறு எந்த வழியிலும் இவ்வளவு நேரடியாகக் கிடைக்காது.

அடுத்தது வயர் சாக்கெட் உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் உறை. அதன் ஓ-ரிங்குகள் கெட்டிப்பட்டு ஆயில் கசியும். கசியும் ஆயில் சம்ப் விளிம்பு வழியாக வழிவதால் பலரும் சம்ப்பையே குற்றம் சொல்வார்கள். உறையின் விலை மொத்த பில்லில் சிறு துளி. சம்ப் கழன்றிருக்கும்போது மாற்றாமல் விட்டு, ஆறு மாதம் கழித்து அதற்காக மறுபடி சம்ப்பைக் கழற்றி, புது ஆயிலை வடித்து, கூலியையும் இரண்டு முறை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். என் வண்டியில் முக்கால் லிட்டர் காணாமல் போனதும் இந்த உறை வழியாகத்தான்.

மூன்றாவது அடுக்கு, கட்டுப்பாட்டுப் பெட்டியான மெக்கட்ரானிக்கைக் கீழே இறக்கி, அதற்கும் கியர்பாக்ஸ் உடலுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் சீல்களை மாற்றுவது. காலையில் ரிவர்ஸ் தயங்குவதற்கு இந்தச் சீல்களின் விரிசல் ஒரு முக்கியக் காரணம். பொருளின் விலை குறைவு, கூலி கூடும், கைதேர்ந்தவர் வேண்டும். ஆரோக்கியமான பாக்ஸுக்கு நான் இதைக் கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். நடுத்தர நிலையில் இருந்தால், அல்லது வண்டிக்குப் பதினைந்து வயது தாண்டி இன்னும் நெடுநாள் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், இதையும் சேர்த்தே செய்துவிடுங்கள்.

இந்த வழியின் மறைமுகச் செலவு போல்ட்டுகளில் இருக்கிறது. குளிர்நாட்டுச் சாலை உப்பைப் பார்த்த வண்டியில் சம்ப் போல்ட்டின் தலை வழுக்கிப் போகும். அதை வெட்டி எடுக்கக் கூடுதல் மணிநேரம் ஆகும்; ஒர்க்‌ஷாப் அதைப் பில்லில் சேர்ப்பது நியாயமே. புதிய போல்ட்டை அழுத்தி முறுக்கினாலும் தப்பு, பிளாஸ்டிக் விளிம்பு விரியும். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில் 10 நியூட்டன் மீட்டர் போதும்.

எனக்கு வெளியே வந்த ஆயில் கடுங்காப்பி நிறம். புதியது மஞ்சள் நிறத்தில் இருந்தது. சிவப்பாகத்தானே இருக்கும் என்று எதிர்பார்த்துப் பயப்பட வேண்டாம், இந்த வகை அப்படித்தான். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும் இடி அன்றைக்கே போகவில்லை. சில நூறு கிலோமீட்டர் ஓடி, கட்டுப்பாட்டுக் கணினி புது ஆயிலுக்குப் பழகிய பிறகு மெல்ல மெல்ல மறைந்தது.

## வழி 4: மெஷினில் ஃப்ளஷ்

ஆயில் கூலருக்குப் போகும் குழாயில் மெஷினை இணைத்து, பழையது வெளியேற வெளியேறப் புதியதை உள்ளே விடுவது. டார்க் கன்வர்ட்டரில் தங்கியிருப்பதும் வெளியே வரும். ஆயிலின் சுத்தத்தை மட்டும் பார்த்தால் இதுதான் முதலிடம். செலவு 10 முதல் 14 லிட்டர் ஆயில்.

இதில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸின் சொந்த பம்ப் தள்ளும் வேகத்திலேயே ஆயிலை மாற்றுவது ஒன்று, அது மென்மையானது. வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்து, கூடவே கிளீனர் திரவமும் ஊற்றிக் கழுவுவது இன்னொன்று. பழைய கியர்பாக்ஸில் படிந்திருக்கும் கசடு கிளம்பி வால்வுகளின் நுண்ணிய பாதைகளில் சிக்கும் அபாயம் இதில் இருப்பதால், என் வண்டிக்கு இந்த இரண்டாவது வகையை அனுமதிக்க மாட்டேன். சம்ப்பையும் ஃபில்டரையும் மாற்றாமல் ஃப்ளஷ் மட்டும் செய்து தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி, வழுக்கல் இல்லாமல், பூட்டுக் கிளட்ச்சில் மட்டும் லேசான நடுக்கம் இருக்கும் வண்டிக்கு, வழி 3-ஐ முடித்து அதன் தொடர்ச்சியாக மென்மையான ஃப்ளஷ் செய்வது பணத்துக்குத் தகுந்த பலன் தரும்.

## "புது ஆயில் கியர்பாக்ஸைக் கெடுக்கும்" என்ற பயம்

பயப்படுபவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். என் நண்பர் ஒருவரின் காரில் மூன்றாவது கியருக்கு ஏறும்போது சுற்று துள்ளிக்கொண்டிருந்தது. ஃப்ளஷ் செய்தால் சரியாகும் என்று யாரோ சொல்ல, செய்தார். இரண்டு வாரத்தில் மூன்றாவது கியரே போயிற்று. அவரைப் பொறுத்தவரை புது ஆயில்தான் கொன்றது.

ஆனால் துள்ளல் வந்த அன்றைக்கே அந்தக் கிளட்ச் முடிந்துவிட்டது. தேய்ந்த பிளேட்டின் துகள்கள் மிதக்கும் பழைய ஆயில் கொஞ்சம் பிடிப்பைக் கொடுத்திருக்கலாம். புதியது வந்ததும் அந்தத் தயவு போயிருக்கலாம். பெரும்பாலும் நாம் ஆயில் மாற்றத் துணிவதே கோளாறு தெரிந்த பிறகுதான். அதனால்தான் "மாற்றினார், கெட்டது" என்ற கதைகள் இவ்வளவு கிடைக்கின்றன. ஆரோக்கியமாக இருக்கும்போதே மாற்றியவரிடம் சொல்ல ஒரு கதையும் இருப்பதில்லை. முதலில் ஓட்டிச் சோதிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

## ஒரே பார்வையில்

| | தொடாமல் விடுவது | வடித்து நிரப்புவது | சம்ப், சீல்களோடு | ஃப்ளஷ் |
|---|---|---|---|---|
| போகும் பழைய ஆயில் | இல்லை | பாதிக்குச் சற்று மேல் | மூன்றில் இரண்டு பங்கு வரை | ஏறக்குறைய முழுவதும் |
| வாங்க வேண்டிய ஆயில் | இல்லை | 5–6 லிட்டர் | 6–7 லிட்டர் | 10–14 லிட்டர் |
| ஃபில்டர், சீல்கள் | பழையவை | பழையவை | புதியவை | தனியாகக் கேட்க வேண்டும் |
| உள்நிலை தெரிகிறதா | இல்லை | ஆயில் நிறம் மட்டும் | நன்றாகத் தெரியும் | ஆயில் நிறம் மட்டும் |
| மறைமுகச் செலவு | தெரியாத கசிவு | தப்பான அளவு | வழுக்கும் போல்ட், கூலி | கூடுதல் ஆயில், கிளம்பும் கசடு |
| பொருந்தும் வண்டி | விற்கப் போவது, அண்மையில் மாற்றியது | சம்ப் ஏற்கெனவே மாறியது | முதல் முறை மாற்றும் பழைய வண்டி | அதிகம் ஓடிய, வழுக்காத வண்டி |

மேனுவல் கியர் வண்டி வைத்திருப்பவர்கள் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. அதில் இருப்பது இரண்டு லிட்டருக்கும் குறைவான ஆயில். மாற்ற ஃபில்டரும் இல்லை. மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட், வடித்து ஊற்றினால் முடிந்தது. ஆனால் தயாரிப்பாளர் சொன்ன வகை ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். டிஃபரென்ஷியலுக்கு (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டிக்கு) ஊற்றும் கெட்டியான ஆயிலை கியர்பாக்ஸில் ஊற்றினால் குளிர்ந்த காலையில் இரண்டாவது கியர் விழ மறுக்கும். வண்டி லிஃப்ட்டில் இருக்கும்போதே டிஃபரென்ஷியல் ஆயிலையும் மாற்றிவிடலாம்.

ஆட்டோமேட்டிக் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். நிரப்பும்போது ஆயில் சூட்டை எதில் பார்ப்பீர்கள்? வயர் சாக்கெட் உறையையும் மாற்றுவீர்களா? கழற்றிய பழைய சம்ப்பை, காந்தங்களைத் துடைக்காமல், எனக்குக் காட்டுவீர்களா? மூன்றாவது கேள்விக்கு முகம் சுளிக்காமல் "நேரில் வந்து பாருங்க" என்று சொன்னவரிடம்தான் நான் சாவியைக் கொடுத்தேன்.